மீள்வோமா, சந்திப்போமா?

கேள்வி: டிவியில தொகுப்பாளருங்க எல்லாம் 'அடுத்த வாரம் உங்களை சந்திக்கிறேன்'னு முடிக்கிறாங்க. சந்திங்கிறது வடசொல், நல்ல தமிழ்ல 'மீள்வோம்'னுதான் சொல்லணும்னு என் நண்பர் அடிச்சு சொல்றார். சரிதானா?

பதில்: உங்க நண்பர் டிவி பக்கம் போகாம இருக்கிறது சேனலுக்கு நல்லது. நிகழ்ச்சி முடியுற நேரத்துல 'மீள்வோம்'னு கும்பிடு போட்டா, பாவம் கடன்ல மாட்டிக்கிட்டாங்க போலன்னுதான் பார்க்கிறவங்க நினைப்பாங்க. மீளுறதுன்னா திரும்பி வர்றது, ஒண்ணுலேர்ந்து விடுபடுறது. நோயிலேர்ந்து மீண்டார், மீளாத் துயரம்னு சொல்றோம்ல, அடகுக்கடையில கெடக்கிற நகையை மீட்கிறதும் அதே குடும்பம்தான். இதுல எங்கேயாவது ரெண்டு பேர் பார்த்துக்கிறாங்களா? 'மீண்டும்'ங்கிற சொல்லே அந்த மீள்லேர்ந்து வந்ததுதான், 'மறுபடியும்'ங்கிற வேலையை அது பார்க்குது, பார்த்துக்கிற வேலைக்கு இன்னொரு வினைச்சொல் வேணும்.

சந்தி வடசொல்தான், அதுல சண்டை இல்ல. ஆனா முச்சந்தி, நாற்சந்தி, விழுப்புரம் சந்திப்புன்னு ஊருக்குள்ள குடியேறி எவ்வளவோ காலமாச்சு, இப்பப் போய் காலி பண்ணச் சொல்ல முடியாது. பிடிக்கலைன்னா 'மீண்டும் காண்போம்'னு சொல்லிக்கட்டும், யார் வேணாங்கிறா. குறள்ல 'உவப்பத் தலைக்கூடி'ன்னு வருது (394), ஒண்ணு சேருறதுக்கு அழகான சொல், ஆனா இன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல நின்னு 'நாளைக்குத் தலைக்கூடுவோம்'னா எதிர்ல நிக்கிறவர் ஒரு மாதிரியா பார்ப்பார்.

வீட்டுல நாம 'போயிட்டு வரேன்'னுதானே சொல்றோம், திரும்ப வந்து பார்ப்பேன்ங்கிறது அந்த 'வரேன்'லயே இருக்கு. அதனாலதான் துக்க வீட்டுல அதை மட்டும் சொல்லாம எந்திரிச்சு வர்றோம். 'பார்க்கலாம்' கொஞ்சம் ஆபத்தான ஆளு. ஃப்ரெண்டு சொன்னா அடுத்த சந்திப்பு, கடன் கேட்டுப் போன இடத்துல சொன்னா பைசா பேராது.

அப்புறம், நல்ல தமிழ் பேச வந்தவங்க எழுத்துல 'உங்களை சந்திக்கிறேன்'னு ஒற்றெழுத்தை முழுங்கிட்டீங்க. ஐ உருபுக்கு அப்புறம் 'உங்களைச் சந்திக்கிறேன்'னு ச் போடணும். 'மீண்டும் சந்திப்போம்'ல மட்டும் வராது, அங்க போட்டு வைக்காதீங்க.