8 நாளில் 32 கோயில்: முன்பணம் கட்டலாமா?

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 71 வயது. முப்பது வருடம் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர். தன் தாத்தா பிறந்த, தமிழ்நாட்டில் உள்ள நன்னிலத்தை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் "8 நாள், 32 கோயில், 3,900 வெள்ளி (ரிங்கிட்)" என்று ஒரு விளம்பரம் வந்தது. இன்றைக்குள் 1,000 வெள்ளி முன்பணம் போட்டால் 300 வெள்ளி கழிவாம். பணத்தை ஒருவருடைய சொந்தக் கணக்கில் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: போடாதீர்கள். இன்றைக்கே என்ற அவசரமும் தனிநபர் கணக்கும் சேர்ந்து வந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது.

நம் நாட்டில் சுற்றுலா நடத்துகிற நிறுவனத்துக்கு 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, சுற்றுலா, கலை, பண்பாட்டு அமைச்சின் இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். உரிமம் காலாவதியாகிவிட்டதா, வெளிநாட்டுப் பயணத்துக்கும் சேர்த்துத்தான் கொடுத்திருக்கிறார்களா என்று பார்ப்பது முக்கியம். உரிமத்தில் உள்ள அதே நிறுவனத்தின் பெயரில் வங்கிக் கணக்கு இருக்க வேண்டும். மோசடிப் புகார் வந்த வங்கிக் கணக்குகளைத் தேடிப் பார்க்கப் போலீஸ் வைத்திருக்கும் 'செமாக் மியூல்' இணையப் பக்கத்திலும் கணக்கு எண்ணைத் தட்டிப் பாருங்கள். அதில் புகார் எதுவும் இல்லை என்பதற்காக மட்டும் நம்பிவிட வேண்டாம்.

தோட்டப்புறத்தில் நமக்கு ஒரு பழக்கம். கோயில் திருவிழாவில் பார்த்த முகம், தெரிந்த அண்ணன் என்றால் ரசீது கேட்கக் கூச்சப்படுகிறோம். கேளுங்கள், அது அம்மாவின் சேமநிதிப் பணம். விமான டிக்கெட் போட்டதும் முன்பதிவு எண்ணை வாங்கி, விமான நிறுவனத்தின் சொந்த இணையத்தளத்தில் நீங்களே சரிபார்க்கலாம்.

சரி, உரிமம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் இந்தத் திட்டம் உங்கள் அம்மாவுக்கு ஒத்துவராது. போகும் நாள், வரும் நாள் கழிந்தால் மிஞ்சுவது ஆறு நாள். ஒரு நாளைக்கு ஐந்து கோயிலுக்கு மேல் ஆகிறது. தமிழ்நாட்டில் பெரும்பாலான கோயில்களில் மதியம் 12 மணிவாக்கில் நடை சாத்தி, மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். திருச்சி மலைக்கோட்டையில் மட்டும் நானூறுக்கு மேல் படிகள். என் பெரியம்மாவை இப்படி ஒரு ஓட்டத்தில் அழைத்துப் போனோம். தஞ்சைப் பெரிய கோயிலில், வெயிலில் காய்ந்த கல்தரையில் வெறுங்காலோடு நடக்க முடியாமல் அவர் திணறியது இன்னும் என் மனதை அறுக்கிறது.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் உண்டு, ஏறக்குறைய நான்கு மணி நேரம். திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் என்று மூன்றே ஊரில் தங்குங்கள். ஸ்ரீரங்கம், பெரிய கோயில், தாராசுரம் எல்லாம் அந்த வழியிலேயே வந்துவிடும். கும்பகோணத்திலிருந்து நன்னிலம் காரில் போய் வருகிற தூரம்தான். அந்த ஒரு நாளை வேறு எதற்கும் கொடுக்காதீர்கள். அவர் ஏங்கியது அதற்குத்தானே. ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, மே மாதத்து வெயிலோ தாங்காது. சக்கர நாற்காலி வேண்டுமென்றால் டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள்.

விசா, பெட்டி எடை, சாப்பாடு, காப்புறுதி இதில் எதெல்லாம் விலைக்குள் அடங்கும், பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்பி வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். தகராறு வந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை கோரலாம், கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை. ஏற்கெனவே ஏமாந்து பணம் அனுப்பியவர்கள் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

கேள்வி: அம்மாவின் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) இன்னும் நான்கு மாதத்தில் முடிகிறது. பரவாயில்லையா?

பதில்: போதாது. ஆறு மாதமாவது மிச்சம் இருக்க வேண்டும். டிக்கெட்டுக்கு முன்னால் அதைப் புதுப்பியுங்கள். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 200 வெள்ளி இல்லை, 100 வெள்ளிதான். அப்புறம், விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் புதுக் கடப்பிதழில் உள்ள பெயரை ஓர் எழுத்தும் மாறாமல் கொடுங்கள்.