பூஞ்சணம் பிடித்த கசட்டைத் தரகரிடம் கொடுக்கலாமா?

கேள்வி: ஹட்டனில் வீடியோக் கடை வைத்திருந்த மாமா காலமான பிறகு ஒரு பெட்டி கசட்டுகள் எங்கள் கைக்கு வந்தன. ஒன்றின் மேல் 'எ பாய் அண்ட் ஹிஸ் டாக்' என்று எழுதியிருக்கிறது. படம் முடிந்ததும் எங்கள் தோட்டத்துத் தேர்த் திருவிழாவையும் அதிலேயே பதிந்ததாக அத்தை சொல்கிறார். நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம். 'அபூர்வப் படம், 4கே ஆக்கித் தருகிறேன்' என்கிறார் ஒரு தரகர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். 1975இல் எல். க்யூ. ஜோன்ஸ் சிறு செலவில் எடுத்த படம் அது. போரில் அழிந்த 2024ஆம் ஆண்டு உலகத்தில் ஓர் இளைஞனும், மனத்தாலேயே பேசும் அவன் நாயும் அலைகிற கதை. 1976இல் அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருதும் வாங்கியது. ஆனால் ப்ளூ-ரே தட்டாக எப்போதோ வந்துவிட்டது. உங்கள் கசட் பழுதானாலும் படம் எங்கும் போகாது, திருவிழா போய்விடும். தரகருக்கோ படம் மட்டும்தான் கண்ணில் படுகிறது. 4கே எனும் மிக நுணுக்கமான படம் என்பதும் சும்மா கதை. விஎச்எஸ் எனும் இந்த வீடியோக் கசட் நாடாவில் இருப்பதே 240 கோடு அளவு விவரம்தான். இல்லாததை எந்த மெஷினும் கொண்டுவராது.

கசட்டின் மேல் ஓட்டில் 'ஈ-180' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது மூன்று மணி நேர வெற்றுக் கசட்டில் எடுத்த கொப்பி. படம் ஒன்றரை மணி நேரம், மிச்சத்தில் திருவிழா தாராளமாக அடங்கும். கம்பனி விற்ற ஒரிஜினல் என்றால் நாடாவைப் படத்தின் நீளத்துக்கே வெட்டியிருப்பார்கள், பதியவிடாமல் ஓரத்துப் பிளாஸ்டிக் பல்லையும் உடைத்திருப்பார்கள். அந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டியிருந்தால் மட்டும் கதை வேறு: யாரோ மேலே பதிந்திருக்கிறார்கள். அது அமெரிக்கக் கசட்டாகவும் இருந்தால் படம் அமெரிக்காவின் என்டிஎஸ்சி ஒளிபரப்பு முறையில் இருக்கும், திருவிழா நம்மூரின் பால் (PAL) முறையில் இருக்கும். நம்மூர் வீடியோ டெக்கில் படம் கறுப்பு வெள்ளையில் உருண்டு ஓடும், திருவிழா ஒழுங்காகத் தெரியும். படம் உருளுகிறதே என்று பாதியில் நிறுத்திக் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும். வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த மல்டி சிஸ்டம் டெக் இரண்டையும் காட்டும்.

இப்போதைக்கு எந்த டெக்கிலும் போடாதீர்கள். பூஞ்சணம் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கசட்டுக்கும் பரவும். விசிஆர் எனும் இந்த டெக் செய்வதைக் கடைசிக் கம்பனியும் 2016இல் நிறுத்திவிட்டது, பழுதானால் புதிது கிடைக்காது. லயத்தில் விறகு காய வைப்பதுபோல் அடுப்புக்கு மேல் வைப்பதும், அரிசிக்குள் புதைப்பதும் வேண்டாம். சிலிக்கா ஜெல் பைகளோடு மூடிய டப்பாவில் சில வாரம் நிமிர்த்தி வையுங்கள். முகத்துக்கு மாஸ்க் போடுங்கள். துடைக்கும் வேலை பழகிய ஆளுக்குரியது.

இந்த மாதிரிப் பதிவுகளை வாங்கி வைக்க மலையகத்தில் ஓர் இடம் கேட்டால், எந்த அலுவலகத்திலும் 'கொழும்புக்குப் போங்கள்' என்பதுதான் பதில். பிறகு தரகர் வராமல் என்ன செய்வார்?

நாடாவைச் சுத்தம் செய்பவரிடம் நீங்களே நேரில் கொண்டுபோங்கள். படம் முடிந்ததும் நிறுத்தாமல் நாடாவின் கடைசி வரை ஓட்டிப் பதியும்படி தாளில் எழுதிக் கொடுங்கள். வேலை முடிந்ததும் கசட்டையும் கேட்டு வாங்குங்கள்.