110-0 தோற்ற அணி கீழே இறங்கிவிடுமா?

கேள்வி: நாங்கள் சுவிஸில் இருக்கிறோம். 13 வயது மகன் இங்கே ஒரு ரக்பி கிளப்பில் ஆடுகிறான். சுவிஸ் அணி ஐரோப்பிய சாம்பியன்ஷிப்புக்கு ஏறியதும் வீட்டில் ஒரே கொண்டாட்டம். 2025இல் முதல் ஆட்டத்திலேயே ஜார்ஜியாவிடம் 110-0. அதோடு பையன் வாடிவிட்டான். "திரும்பக் கீழே இறக்கிவிடுவார்களா? நன்றாக ஆடினால் ஒருநாள் சிக்ஸ் நேஷன்ஸுக்குப் போகலாமா?" என்று கேட்கிறான். சிக்ஸ் நேஷன்ஸ் என்பது இங்கிலாந்து, பிரான்ஸ் உட்பட ஆறு பெரிய ரக்பி நாடுகள் ஆடும் போட்டி. என்ன சொல்வது?

பதில்: முதலில் மகனிடம் சொல்லுங்கள், அந்த 110-0 ஒன்றை வைத்து யாரும் சுவிஸை இறக்க மாட்டார்கள். இறக்குவது இரண்டு ஆண்டுக் கணக்கைப் பார்த்துத்தான்.

ரக்பி யூரோப் அமைப்பு நடத்தும் போட்டிகள் மூன்று படிகளாக இருக்கின்றன. மேலே சாம்பியன்ஷிப், அதற்குக் கீழே டிராபி, அதற்கும் கீழே கான்ஃபரன்ஸ். 2023இல் சாம்பியன்ஷிப்பை ஆறு அணியிலிருந்து எட்டாகப் பெருக்கினார்கள். 2023, 2024 இரண்டையும் கூட்டிப் பார்த்தபோது போலந்து கடைசி, அது இறங்கியது. அந்த இடத்துக்குத்தான் டிராபியை வென்ற சுவிஸ் வந்தது. 2025உம் 2026உம் அடுத்த சுற்று. ஓர் ஆண்டு எதிரணியின் ஊரில் ஆடினால் மறு ஆண்டு அதே அணி நம் ஊருக்கு வரும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதான் நியாயம்.

ஓர் அணிக்கு ஆண்டுக்கு ஐந்து ஆட்டம். நான்கு அணி கொண்ட குழுவில் மூன்று. குழுவில் முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் அரையிறுதிக்குப் போவார்கள். மற்ற நால்வரும் ஐந்திலிருந்து எட்டு வரை யார் யார் என்று முடிவு செய்ய இன்னும் இரண்டு ஆட்டம் ஆடுவார்கள். சுவிஸ் இருக்கும் குழுவில் ஜார்ஜியா, ஸ்பெயின், நெதர்லாந்து. ஆகவே சுவிஸின் தலையெழுத்து ஜார்ஜியா ஆட்டத்தில் இல்லை. நெதர்லாந்தோடு ஆடுவதிலும், அப்புறம் அந்தக் கடைசி இரண்டு ஆட்டங்களிலும்தான் இருக்கிறது. நாட்காட்டியில் வட்டம் போட வேண்டியவை அவைதான்.

புள்ளிக் கணக்கையும் சொல்லிக் கொடுங்கள். வெற்றிக்கு 4, சமனுக்கு 2. தோற்றாலும் வித்தியாசம் 7க்குள் இருந்தால் 1. 78ஆவது நிமிடம், நம் அணி 10 பின்தங்கியிருக்கிறது, பெனால்டி கிடைக்கிறது. டிரைக்குப் (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது) போகாமல் கோல் கம்பத்தைப் பார்த்து உதைக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஆனால் அந்த 3 விழுந்தால் தோல்வி 7ஆகச் சுருங்கி ஒரு புள்ளி கையில் வந்துவிடும். கடைசி இடத்துக்குப் போராடும் அணிக்கு அந்த ஒன்று பெரிய விஷயம்.

பையனுக்கு ஆறுதலாக ஒன்று: 110-0 தோற்றும் உலகத் தரவரிசையில் சுவிஸ் எதையும் இழக்கவில்லை. இரண்டு அணிகளின் தரப்புள்ளி இடைவெளி 10ஐத் தாண்டினால், பலமான அணி ஜெயிப்பதற்குப் பரிசும் இல்லை, பலவீனமான அணி தோற்பதற்குத் தண்டனையும் இல்லை. சொந்த ஊரில் ஆடும் அணிக்கு அந்தக் கணக்கில் 3 புள்ளி கூட்டிக்கொள்வார்கள், அதனால் இடைவெளி இன்னும் அகலம். அன்றைக்கு ஜார்ஜியாவுக்கும் தரவரிசையில் கிடைத்தது பூஜ்யம்தான்.

இறங்கினால்தான் என்ன? போர்ச்சுகலின் கதையை அவனுக்குச் சொல்லுங்கள். 2016இல் கடைசியாக வந்து இறங்கியது. ஏற முயன்று 2017இல் பெல்ஜியத்திடம் தோல்வி, 2018இல் ருமேனியாவிடம் தோல்வி. மூன்றாவது முயற்சியில், 2019 ஜூனில், பிராங்பர்ட்டில் ஜெர்மனியை 37-32 என்று வென்று ஏறியது. 2022 நவம்பரில் துபாயில் உலகக் கோப்பைக்கான கடைசி இடம். அமெரிக்கா 16-13 முன்னிலையில் இருக்க, கடைசி நொடிகளில் சாமுவேல் மார்க்கெஸ் ஒரு பெனால்டியை உதைத்தார். 16-16. சமனே போதுமானதாக இருந்தது, போர்ச்சுகல் உள்ளே. அடுத்த அக்டோபரில் பிரான்சின் துலூஸில் பிஜி 23-17 என்று முன்னால் நிற்கிறது, ஆட்டம் முடிய இரண்டு மூன்று நிமிடம்தான். ரொட்ரிகோ மார்த்தா டிரை வைத்தார், அதைத் தொடர்ந்து கம்பத்தை நோக்கி உதைக்கும் கன்வெர்ஷனுக்கு மறுபடியும் அதே மார்க்கெஸ். 24-23. உலகக் கோப்பையில் போர்ச்சுகல் பெற்ற முதல் வெற்றி அது. ஏழே ஆண்டுக்கு முன்பு கீழே இறங்கிய அணி. கீழ்ப்படியில் இருந்த அந்த மூன்று ஆண்டுகளை வீண் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இன்னொரு எச்சரிக்கை: புள்ளி மைதானத்தில் மட்டும் போவதில்லை. அந்த நாட்டுக்கு ஆடத் தகுதி பெறாத வீரரை இறக்கினால் புள்ளியைப் பிடுங்கிவிடுவார்கள். 2023 உலகக் கோப்பைக்கு ஸ்பெயின் ஆடித்தான் தகுதி பெற்றது. அப்படி ஒரு வீரரை இரண்டு ஆட்டத்தில் இறக்கியது தெரிந்து 10 புள்ளி போனது, இடம் ருமேனியாவுக்குப் போனது. 2018இலும் இதே தவற்றால் ஸ்பெயின், ருமேனியா, பெல்ஜியம் மூன்றும் அடிபட, 2019 உலகக் கோப்பை வாய்ப்பு ரஷ்யாவுக்குக் கிடைத்தது. புள்ளிப் பட்டியலைப் பார்த்து உடனே மனம் உடைந்துவிடவும் வேண்டாம், துள்ளிக் குதிக்கவும் வேண்டாம்.

சரி, சிக்ஸ் நேஷன்ஸ். இங்கே நேராகவே சொல்கிறேன்: வழி இல்லை. சாம்பியன்ஷிப்பை வென்றால் கோப்பை கிடைக்கும், மேலே போக முடியாது. சிக்ஸ் நேஷன்ஸ் ரக்பி யூரோப்புக்குச் சொந்தமான போட்டி அல்ல. அந்த ஆறு நாட்டுச் சங்கங்கள் தங்களுக்காக நடத்துவது, 2021 முதல் ஒரு முதலீட்டு நிறுவனமும் பங்குதாரர். அழைப்பு வந்தால்தான் உள்ளே போகலாம். இத்தாலி அப்படித்தான் 2000இல் வந்தது. 1980களில் வேல்ஸையும் ஸ்காட்லாந்தையும் வென்ற ருமேனியாவுக்கு அந்த அழைப்பு வரவேயில்லை.

ஜார்ஜியா 2018 முதல் 2025 வரை ஓர் ஆண்டு விடாமல் சாம்பியன். 2022 ஜூலையில் பத்தூமியில் இத்தாலியை 28-19, நவம்பரில் கார்டிஃபில் வேல்ஸை 13-12 என்று வென்றது. இறங்கும் விதி இருந்திருந்தால் சிக்ஸ் நேஷன்ஸில் 2024, 2025 இரண்டிலும் கடைசியாக வந்த வேல்ஸ் அல்லவா போயிருக்க வேண்டும்?

எதிர்ப்பக்கமும் ஒரு நியாயம் உண்டு. இத்தாலி சிக்ஸ் நேஷன்ஸில் 2015இலிருந்து 36 ஆட்டம் தொடர்ந்து தோற்றது. அப்போதே இறக்கியிருந்தால், 2022இல் கார்டிஃபில் வேல்ஸை 22-21 என்று ஜெயித்ததும், 2024இல் இரண்டு வெற்றி, ஒரு சமன் என்று எழுந்ததும் நடந்திருக்குமா? பொறுமை காட்டினால் ஓர் அணி வளரும் என்பதை இத்தாலி காட்டிவிட்டது. அந்தப் பொறுமையில் கொஞ்சம் ஏன் ஜார்ஜியாவுக்கு இல்லை என்பதுதான் என் கேள்வி. நேரடியாக இறக்க வேண்டாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சிக்ஸ் நேஷன்ஸில் கடைசியாக வருபவரும் சாம்பியன்ஷிப்பை வெல்பவரும் ஒரே ஓர் ஆட்டம் மோதட்டும். அதுவும், இடத்தை இழக்கப்போகும் நாட்டின் மைதானத்திலேயே நடக்கட்டும். இதைக்கூடத் தராமல் சின்ன நாடுகளை "வளருங்கள்" என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

சுவிஸுக்கு அதெல்லாம் வெகு தூரம். பக்கத்தில் இருப்பது உலகக் கோப்பை. 2027இல் ஆஸ்திரேலியாவில் 24 அணிகள், 2025 சாம்பியன்ஷிப்பில் முதல் நான்கு இடம் பிடித்த ஜார்ஜியா, ஸ்பெயின், ருமேனியா, போர்ச்சுகல் நேராகப் போகின்றன. சாம்பியன்ஷிப்பில் நிலைத்து நின்றால் அந்தக் கதவு திறந்தே இருக்கும்.

ஜார்ஜியா அடுத்து சுவிஸுக்கு ஆட வரும்போது விட்டுவிடாதீர்கள். பையனைக் கூட்டிப்போங்கள். ஸ்கோர்பலகையை மறந்துவிட்டு, இரண்டு அணியினரும் குனிந்து பிணைந்து தள்ளும் ஸ்க்ரம்மைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜார்ஜியர்களின் முன்வரிசை எப்படிக் குனிகிறது, கால்கள் எங்கே ஊன்றுகின்றன, முதுகு எப்படி நேராக நிற்கிறது என்று. அடுத்த பயிற்சியில் அவனே செய்து பார்ப்பான்.