வாசகர் கேள்வி: ஷாரஸிடம் நம் பையன்கள் கற்க வேண்டியது

கேள்வி: லிதுவேனியாவின் யாசிகேவிச்சியஸ் ஆடும்போதும் ஜெயித்தார், பயிற்சியாளராகவும் ஜெயிக்கிறாரே, எப்படி? எங்கள் பள்ளிக் கூடைப்பந்து அணிக்கு அவரிடமிருந்து எதைச் சொல்லித்தரலாம்?
(வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்)

பதில்: ‘ஷாரஸ்’ என்று செல்லமாக அழைக்கப்படும் யாசிகேவிச்சியஸ் வேகத்தாலோ தாவலாலோ பெயர் வாங்கியவர் அல்ல. எதிரணியின் ஐந்து பேரும் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து ஆடிய பாயின்ட் கார்டு, அதாவது அணியின் ஆட்டத்தை நடத்துபவர். பார்சிலோனாவில் 2003, மக்காபி டெல் அவிவில் 2004, 2005, பனாதினைகோஸில் 2009 என்று நான்கு யூரோலீக் (ஐரோப்பிய கிளப்புகளின் முதன்மைத் தொடர்) கோப்பைகள். 2003-இல் லிதுவேனியா ஐரோப்பியப் பட்டம் வென்றபோது தொடரின் சிறந்த ஆட்டக்காரரும் அவரே. மறு ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை 94-90 என வீழ்த்திய ஆட்டத்தில் 28 புள்ளிகள். அமெரிக்காவின் என்பிஏ தொடரில் மட்டும் இரண்டே சீசன்.

2014-இல் ஓய்வு பெற்றதும் சொந்த ஊரான கௌனஸின் ஜால்கிரிஸ் அணியில் துணைப் பயிற்சியாளராகச் சேர்ந்தார். தலைமைப் பொறுப்பு 2016 ஜனவரியில்தான் வந்தது. பெரிய பணமில்லாத அந்த அணியை 2018 யூரோலீக்கில் மூன்றாமிடம் சேர்த்ததைத்தான் அவருடைய பெரிய சாதனையாகச் சொல்வோம். பிறகு பார்சிலோனா, அடுத்து துருக்கியின் ஃபெனர்பாஹ்சே. அங்கே 2025 யூரோலீக் கோப்பை.

உங்கள் பையன்களுக்கு முதலில் பிக் அண்ட் ரோல் சொல்லிக்கொடுங்கள்: ஒருவர் ஸ்கிரீன் போட்டு, அதாவது பந்துக்காரரைத் தடுக்கும் எதிரணிக் காவலரின் வழியை உடலால் மறித்து, பிறகு கூடையை நோக்கி உருண்டு ஓடுவது. ஸ்கிரீன் போடுபவர் கால்களை அகட்டி அசையாமல் நிற்கும்வரை பந்துக்காரர் கிளம்பக்கூடாது. அவசரப்பட்டால் ஸ்கிரீன் போடுபவர் நகர்ந்தபடியே இடிப்பார், ஃபவுல் விழும். கடக்கும்போது பந்துக்காரரின் தோள் அவர் இடுப்பை உரச வேண்டும். இடைவெளி விட்டால் காவலர் நடுவே புகுந்துவிடுவார். தாண்டியதும் ஸ்கிரீன் போட்டவரின் காவலரைப் பாருங்கள். அவர் பின்வாங்கினால் கூடைக்கு எறியலாம். முன்னேறி வந்தால், கூடையை நோக்கி உருளும் நண்பருக்குத் தரையில் ஒரு பவுன்ஸ் பாஸ். மூலைக் காவலர் உதவிக்கு உள்ளே வந்தால் மூலைக்குக் கொடுங்கள்.

பள்ளிப் பையன்கள் பெரும்பாலும் கெடுப்பது ஒரே இடத்தில்: முடிவெடுக்கும் முன்பே ட்ரிபிளை (பந்தைத் தரையில் தட்டுவதை) நிறுத்திப் பந்தைக் கையில் பிடித்துவிடுவார்கள். எதிரணி உடனே நெருங்கிவிடும், பாஸ் வழி அடைபடும்.

மூன்றுக்கு மூன்று வைத்து, தினமும் பத்து நிமிடம் போதும். தொடக்கத்தில் காவலர்கள் பாதி வேகத்தில் ஆடட்டும்; பந்துக்காரர் சரியாகப் பார்த்து முடிவெடுக்கத் தொடங்கிய பிறகு முழு வேகம். பந்து கூடையில் விழுந்ததா என்று எண்ண வேண்டாம், சரியான ஆளுக்குப் போனதா என்று எண்ணுங்கள். உங்கள் பக்கம் தமிழும் மலையாளமும் பேசும் பையன்கள் ஒரே அணியில் இருப்பார்கள். ஸ்கிரீன் வருவதைக் காவலர்கள் கத்திச் சொல்ல ஒரே சொல்லை முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள்.