உடலுக்கும் ஆத்துமாவுக்கும் அன்றாட ஆகாரம்: கேள்வி-பதில்

வேலைக்கு ஓடும் அவசரத்தில் காலையில் ஒரு பால்தேநீரும் இரண்டு பிஸ்கட்டும்தான். வேதம் வாசிப்பதும் அதே அவசரத்தில் விட்டுப்போகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைத் தவறவிடுவதில்லை. அது போதாதா? – வாசகி, வெள்ளவத்தை

போதாது, தங்கச்சி. ஞாயிறு மதியம் எவ்வளவுதான் பிரியாணி சாப்பிட்டாலும் புதன்கிழமை பசிக்கத்தானே செய்யும்? வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா எப்படிக் கிடைத்தது என்று யாத்திராகமம் 16-ஐ எடுத்துப் பாருங்கள். காலைதோறும் பொறுக்க வேண்டும். மறுநாளுக்கென்று மிச்சம் வைத்தால் புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும்தான் இரட்டிப்பாக எடுக்கலாம். தேவன் தம் ஜனத்தைப் பழக்கிய விதமே அன்றன்றைக்கு உண்பதுதான். ஆராதனை சபையாகக் கூடிச் சாப்பிடும் விருந்து, அது அவசியம் வேண்டும். ஆனால் மற்ற ஆறு நாட்களின் பசியை அது தீர்க்காது.

இனி செய்ய வேண்டியது. இரவே ஒரு பிடி பாசிப்பயறை ஊறப் போடுங்கள். காலையில் அவித்து, தேங்காய்ப்பூவும் கொஞ்சம் கட்டைச் சம்பலும் சேர்த்துச் சாப்பிட்டால் மதியம்வரை தாங்கும். நேரமே இல்லாத நாளில் வழியில் விற்கும் கொலகெந்த, அதாவது இலைக்கஞ்சி, ஒரு கோப்பை குடியுங்கள். தேநீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணிநேரம் தள்ளி வையுங்கள். உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது குறைக்கும். நம் பெண்களில் பலருக்கு இரத்தம் குறைவு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பயறு அவிகிற நேரம் ஒரு சங்கீதத்துக்குப் போதும். 23, 121, 130 என்று சின்னவற்றில் தொடங்குங்கள். 119-இல் 176 வசனம் இருக்கிறது, அதைப் பிறகு பார்க்கலாம். சிறிதானாலும் தினமும் என்பதுதான் முக்கியம்.

எனக்கு வயது 61, பத்து வருடமாகச் சீனி வருத்தம். தபசு காலத்தில் உபவாசம் இருக்காவிட்டால் மனம் உறுத்துகிறது. – வாசகர், மட்டக்குளி

ஐயா, முதலில் உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள். இன்சுலினோ கிளிக்லசைட் போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தால் சீனி சடுதியாக இறங்கிவிடும். வியர்வை, கைநடுக்கம், தலைச்சுற்று வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். ஜெபம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கத்தோலிக்கத் திருச்சபையின் உபவாசச் சட்டம் 18 வயதிலிருந்து 59 வயது நிறையும்வரைதான். நோயாளிகளுக்கும் விலக்கு உண்டு. ஆகவே உறுத்த ஒன்றுமில்லை. ஏசாயா 58-ஐ வாசியுங்கள்: பசித்தவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்து கொடுப்பதே தமக்குப் பிரியமான உபவாசம் என்கிறார் கர்த்தர். நேரத்துக்கு அளவாகச் சாப்பிட்டு, வெள்ளிக்கிழமை ஒரு சோற்றுப்பொதியைப் பசித்த ஒருவர் கையில் கொடுங்கள். அந்த உபவாசத்துக்கு வயதெல்லை கிடையாது.

மகன் நாள் முழுக்க போனில் பிரசங்கத் துணுக்குகள் பார்க்கிறான். நல்லதுதானே என்று விட்டுவிடலாமா? – தாய், கொட்டாஞ்சேனை

கெட்டதில்லை, அம்மா. ஆனால் நாள் முழுக்க ரோல்ஸும் பற்றீஸும் கொறிக்கிற பிள்ளை சோற்றுத் தட்டின் முன் வந்தால் ‘பசிக்கவில்லை’ என்கிறது, இல்லையா? துணுக்குகளும் அதைத்தான் செய்கின்றன. வேறொருவர் மென்று கொடுத்ததே பழகிவிட்டால் தானாக மெல்லும் பலம் வராது. பால் குடிக்கும் பருவத்தைத் தாண்டிப் பலமான ஆகாரத்துக்கு வரவேண்டும் என்று எபிரெயர் 5 கடிந்துகொள்வது இதைத்தான்.

போனைப் பிடுங்காதீர்கள். இரவுச் சாப்பாட்டை எல்லோரும் ஒன்றாக இருந்து, தொலைக்காட்சி இல்லாமல் சாப்பிடுங்கள். தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால்பங்கு சோறு, கால்பங்கு மீனோ பருப்போ முட்டையோ இருக்கட்டும். சாப்பிட்டு முடிந்ததும் மாற்கு சுவிசேஷத்தில் அரை அதிகாரத்தை மகனையே வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்தபின் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டாம், அவன் கேட்கட்டும்.

ஜெபித்துவிட்டுச் சாப்பிட்டால் எதுவும் கெடுதல் செய்யாதாமே? – வாசகர், வத்தளை

செய்யும். ஸ்தோத்திரம் நன்றி சொல்வதற்கு. எண்ணெயையும் உப்பையும் அது குறைக்காது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடும் ஊறுகாயும் அதில் சேர்த்திதான்.

அம்மா இறந்தபின் சாப்பிடவும் முடியவில்லை, ஜெபிக்கவும் முடியவில்லை. விசுவாசம் குறைந்துவிட்டதா? – வாசகி, பம்பலப்பிட்டி

இல்லை, மகள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் படுத்து, சாக வேண்டுமென்று கேட்டபோது தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை, பிரசங்கமும் செய்யவில்லை. தொட்டு எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினார். இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் தேவன் பேசியது அதற்கெல்லாம் பிறகுதான்.

நீங்களும் அந்த ஒழுங்கிலேயே போங்கள். முழுச்சாப்பாடு இறங்காவிட்டால் மூன்று மணிநேரத்துக்கு ஒருமுறை அரைக்கோப்பை பயற்றங்கஞ்சி, சொதி விட்ட ஓர் இடியப்பம், ஒரு வாழைப்பழம் என்று எடுங்கள். பக்கத்து வீட்டார் சமைத்துக் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் உங்களுக்காக ஜெபிக்கும்படி சபையில் இரண்டு பேரிடம் கேளுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் உணவும் தூக்கமும் திரும்பாவிட்டால் வைத்தியரைப் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அந்த நிமிடமே 1926-க்கு அழையுங்கள். அது இலங்கையின் தேசிய மனநல உதவி எண்.