குட்டி ஹால்லயே உச்சா போகுது, அடிக்கலாமா?

கேள்வி: எங்க நாட்டு நாய்க்குட்டிக்கு 3 மாசம், மாடி வீடு. கீழ கூட்டிட்டுப் போனா சும்மா சுத்திட்டு, மேல வந்ததும் சோபா பக்கத்து மிதியடியிலயே உச்சா போயிடுது. மூக்கைத் தேச்சு ரெண்டு போட்டா திருந்தும்னு வீட்ல சொல்றாங்க, செய்யலாமா?

பதில்: தயவுசெஞ்சு வேணாம்ங்க. அடி வாங்கின குட்டி, உங்க கண் முன்னாடி போகக்கூடாதுன்னு மட்டும்தான் கத்துக்கும், அப்புறம் கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சு போகும், வெளியவும் உங்க முன்னாடி போகாது. இந்த வயசுல பகல்ல 3 மணி நேரம் அடக்கறதே பெருசு. அதனால தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கொஞ்ச நேரத்துலயும், விளையாடி முடிச்சதும் கீழ தூக்கிட்டே போங்க, நடக்க விட்டா படியிலயே போயிடும். தினமும் ஒரே இடம், செயினைப் பிடிச்சுட்டு பேசாம நில்லுங்க, போய் முடிச்ச அந்த நொடியே தட்டிக்கொடுத்து தின்ன ஏதாவது குடுங்க, மேல வந்து குடுத்தா எதுக்குன்னே அதுக்குப் புரியாது. தடுப்பூசி முடியலன்னா தெருநாய்ங்க போற இடம் மட்டும் வேணாம், பார்வோங்கற, குட்டிங்க உயிருக்கே ஆபத்தான வைரஸ் நோய் பயம் இருக்கு.

மிதியடியை கொஞ்ச நாள் எடுத்து வச்சிடுங்க. தரைக்கு பினாயில் போடாதீங்க, அது நாய்க்கு விஷம், பெட் ஷாப்ல என்சைம் கிளீனர் கிடைக்கும், வாடையோட மூலத்தையே அதுதான் எடுக்கும். சொட்டுச் சொட்டா அடிக்கடி போனாலோ ரத்தம் தெரிஞ்சாலோ உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க.