முதல் ட்ரையத்லான்: தண்ணீரில் பதறாமல் இருக்கப் பழகுங்கள்

கேள்வி: எனக்கு வயது 47. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை. இரண்டு வருடமாக வாரம் மூன்று நாள் ஓடுகிறேன். ஐந்து கிலோமீட்டரை நிற்காமல் முடித்துவிடுவேன். சாதாரண கியர் சைக்கிள் ஒன்று இருக்கிறது. நீச்சல்தான் பிரச்சினை. 25 மீட்டர் குளத்தில் இரண்டு முறை போய்வந்தாலே மூச்சு வாங்குகிறது. இன்னும் நான்கு மாதத்தில் ஸ்பிரிண்ட் ட்ரையத்லான் ஒன்றில் கலந்துகொள்ள ஆசை. முடியுமா? எப்படித் தயாராவது? புது சைக்கிள் வாங்க வேண்டுமா?

பதில்: முடியும். ட்ரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் போட்டி. அதில் ஸ்பிரிண்ட் என்பது 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். ஒலிம்பிக் ட்ரையத்லான் தூரத்தில் சரிபாதி. ஓட்டம் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. சைக்கிள் சில வாரங்களில் பழகிவிடும். ஆகவே இந்த நான்கு மாதத்தில் பெரும்பங்கை நீச்சலுக்குக் கொடுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. மருத்துவரைப் பார்த்து, இப்படி ஒரு போட்டிக்குப் போகிறேன் என்று சொல்லி, இரத்த அழுத்தம், சர்க்கரை, இ.சி.ஜி. பார்த்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ட்ரையத்லானில் அரிதாக நேரும் மரணங்களில் பெரும்பாலானவை நீச்சலின்போதுதான் நடக்கின்றன. நாற்பதைத் தாண்டிய ஆண்களுக்கு அந்த ஆபத்து கூடுதல். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ‘நான்தான் தினமும் ஓடுகிறேனே’ என்று இதைத் தள்ளிப்போடுபவர்கள் அதிகம் என்பதால் சொல்கிறேன்.

சரி, மூச்சு ஏன் வாங்குகிறது? ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு நுரையீரலில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சைப் பிடித்து வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பும் அந்த ஒரு நொடிக்குள் வெளியே விட்டு உள்ளேயும் இழுக்கப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது கரியமில வாயு முழுதாக வெளியேறாமல் தங்கிவிடும். மூச்சுமுட்டுவதுபோல் தோன்ற அதுவே போதும். முகம் தண்ணீரில் இருக்கும்வரை மூக்காலோ வாயாலோ குமிழி விட்டுக்கொண்டே இருங்கள். தலை திரும்பும்போது இழுப்பது மட்டும்தான் மிச்சம் இருக்க வேண்டும். குளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தினமும் ஐந்து நிமிடம் இதை மட்டும் செய்து பாருங்கள். சின்னப் பிள்ளை விளையாட்டுபோல இருந்தாலும் பலருக்கு இதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

இன்னொன்று தலை. முன்னால் பார்க்கத் தலையைத் தூக்கினால் இடுப்பும் காலும் தாழ்ந்துவிடும். அப்புறம் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போவதிலேயே சக்தி தீர்ந்துவிடும். குளத்தின் அடித்தளத்தைப் பார்த்தபடி நீந்துங்கள். ஓடிப் பழகியவர்கள் முழங்காலை மடக்கி வேகமாகக் காலை உதைப்பார்கள். அது வேண்டாம், கால் மெதுவாக அசைந்தால் போதும். அது சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் தேவைப்படும் கால்.

வாரம் ஒரு நாள் ஒன்றரை மணி நேரம் நீந்துவதைவிட, மூன்று நாள் அரை மணி நேரம் நீந்துவது மேல். 25 மீட்டர் நீந்தி 20 விநாடி ஓய்வு. இப்படி எட்டு முறையில் தொடங்குங்கள். முறைகளைக் கூட்டுங்கள், பிறகு ஒவ்வொரு முறையும் 50, 100 என்று நீட்டுங்கள். போட்டிக்கு ஒரு மாதம் முன்னால் 750 மீட்டரை மெதுவாகவாவது நிற்காமல் நீந்திவிட வேண்டும்.

ஆனால் குளம் வேறு, திறந்த நீர் வேறு. குளத்தில் 750 மீட்டரைச் சுலபமாக முடிப்பவர்கள்கூட ஏரியில் முதல் 100 மீட்டரிலேயே திணறுவதைப் பார்த்திருக்கிறேன். அடியில் கோடு கிடையாது, கலங்கிய நீரில் எதுவும் தெரியாது, பக்கத்தில் இருப்பவரின் கையும் காலும் மேலே படும். நீர் குளிர்ந்திருந்தால் முதல் ஓரிரு நிமிடம் மூச்சு தானாகவே படபடக்கும். அது அடங்கும்வரை முகத்தில் நீரை அடித்துக்கொண்டு மிதந்தபடி காத்திருங்கள். போட்டிக்கு முன் மூன்று நான்கு முறையாவது திறந்த நீரில், துணையோடு, இடுப்பில் மிதவை கட்டிக்கொண்டு நீந்துங்கள். ஆறேழு கைவீச்சுக்கு ஒரு முறை, முதலைபோலக் கண் மட்டும் நீருக்கு மேலே வரும்படி தலையை உயர்த்தித் திசை பார்க்கப் பழகுங்கள்.

போட்டியன்று கூட்டத்துக்கு நடுவே நிற்காதீர்கள். ஓரமாக, பின்வரிசையில் நின்று, முன்னால் இருப்பவர்கள் போன பிறகு இறங்குங்கள். அரை நிமிடம் போகும், மன அமைதி கிடைக்கும். எந்த நேரமும் மல்லாந்து மிதக்கலாம். மார்பு நீச்சலுக்கும் விதியில் இடம் உண்டு. மூச்சு திணறினால் கையை உயர்த்துங்கள், காவல் படகையோ மிதவையையோ பிடித்து ஓய்வெடுங்கள். அதைப் பிடித்துக்கொண்டு முன்னேறாதவரை பொதுவாகத் தகுதி நீக்கம் கிடையாது. இது தெரியாமல் பலர் தேவையில்லாமல் போராடுகிறார்கள். நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வந்தால் மட்டும் அன்றோடு போட்டியை விட்டுவிடுங்கள்.

புது சைக்கிள் வேண்டாம். இருப்பதை மெக்கானிக்கிடம் கொடுத்து பிரேக், செயின், கியர் மூன்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைக் கீழே இருக்கும் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். உயரத்துக்கு அதுவே நல்ல தொடக்க அளவு. கனமான கியரில் அழுத்தி மிதிக்காமல், இலேசான கியரில் நிமிடத்துக்கு 80 முதல் 90 சுற்று மிதிக்கப் பழகினால் ஓட்டத்துக்குக் கால் மிஞ்சும். இரண்டு விதிகளை மறக்க வேண்டாம். சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுக்கும் முன்பே ஹெல்மெட் வார் மாட்டியிருக்க வேண்டும், திரும்ப நிறுத்திய பிறகே கழற்ற வேண்டும். முன்னால் போகிறவரின் பின்னால் காற்றுமறைவில் ஒட்டிக்கொண்டு போவது பெரும்பாலான அமெச்சூர் போட்டிகளில் தடை.

சைக்கிளிலிருந்து இறங்கி ஓடத் தொடங்கும்போது கால் உங்களுடையதுதானா என்று சந்தேகம் வரும், அவ்வளவு கனக்கும். வாரம் ஒரு முறை, சைக்கிள் முடித்த கையோடு பத்து நிமிடம் ஓடிப் பழகினால் அது புதிதாக இருக்காது. நம் வயதில் நெஞ்சு சீக்கிரம் பழகிக்கொள்கிறது, கெண்டைக்காலும் குதிகால் நாணும் மெதுவாகத்தான் பழகுகின்றன. அதனால் அடுத்தடுத்த நாள் ஓடாதீர்கள். வாரம் இரண்டு நாள், படியில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியும் உட்கார்ந்து எழும் பயிற்சியும் செய்யுங்கள்.

நீச்சலுக்கும் சைக்கிளுக்கும் நடுவே உடைமாற்றும் இடத்தில் பதற்றத்தில்தான் ஹெல்மெட்டும் கண்ணாடியும் காணாமல் போகும். வீட்டில் ஒரு துண்டை விரித்து, எடுக்கும் வரிசையிலேயே பொருளை அடுக்கி நாலைந்து முறை ஒத்திகை பாருங்கள். அன்றைக்கு மட்டும் புது ஷூ, புது உணவு எதையும் முயல வேண்டாம்.

மொத்தத்தில் உங்களுக்கு இரண்டு மணி நேரத்தை ஒட்டி ஆகலாம். பல போட்டிகளில் நீச்சலுக்கும் சைக்கிளுக்கும் தனித்தனிக் கெடு உண்டு. கட்டணம் கட்டும் முன்பே அது எத்தனை நிமிடம் என்று கேட்டு, குளத்தில் உங்கள் 750 மீட்டர் நேரத்தோடு ஐந்து நிமிடம் கூட்டி ஒப்பிட்டுப் பாருங்கள்.